சம்பந்தி ஒட்டிய உலகம்

எங்கள் யார்டுக்கு உலகம் சரக்கு வண்டியில்தான் வந்து சேர்ந்தது. சிமெண்டு மூட்டைகளுக்கு நடுவே, பெரிய அட்டைக் குழாய்க்குள் சுருட்டி, மேலே 'நனைக்காதே' என்று எழுதி வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்னவன் நான். அதற்குள் அதைத் தண்ணீர்த் தொட்டி ஓரமாக இறக்கிவிட்டிருந்தார்கள்.

யார்டு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு பக்கம் தகரக் கூரை போட்ட சிமெண்டு கிடங்கு. மறுபக்கம் கூரையே இல்லாத செங்கல் வெளி. நடுவில் லாரி திரும்ப ஒரு பாதை. கிடங்கில் என் சம்பந்தி மூட்டை தூக்குகிறார். வெளியில் நான் கல் ஏற்றுகிறேன். என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் மற்ற ஆட்களைப் போல நாங்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ள முடியாது. குத்துவதாக இருந்தாலும் மரியாதையாகத்தான் குத்த வேண்டும்.

மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் பென்சில். காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். அதை வைத்து அவர் எழுதியதை யாரும் பார்த்ததில்லை, முதுகு சொறிந்ததைப் பார்த்திருக்கிறோம். அவர்தான் எங்களைக் கூட்டி வைத்து விளக்கினார்.

"இது சாதாரண மேப்பு இல்ல. உலகத்துல எந்த இடத்துல எந்த மாதிரி வெயில், மழை, குளிர்னு கலர் கலரா பிரிச்சுப் போட்டது. பழைய மேப்புல நம்ம ஊரு, பக்கத்து ஊரு, அதுக்கும் அந்தப் பக்கத்து ஊரு எல்லாம் ஒரே கலரு. இதுல கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் தனியா பார்த்துப் போட்டிருக்காங்க."

"பார்த்து என்ன சார் பண்ணப் போறோம்?" என்றான் முண்டாசு. கல் அடுக்கின் மேல் நின்று எறிகிறவன். காதையும் சேர்த்துத் துண்டு கட்டியிருப்பான், அதனால் கேள்வி கேட்பானே தவிரப் பதில் அவனுக்குக் கேட்காது.

"தலைமை ஆபீசு உத்தரவு. சிவப்புக் கலர்ல வர்ற யார்டுக்கெல்லாம் உச்சி வெயில்ல வேலை கிடையாது. சாப்பிட்டுட்டுப் படுத்துக்கலாம். வெயில் இறங்கினதும் எழுந்தா போதும். பச்சையில வந்தா எப்பவும் போல."

எனக்கு அந்த வார்த்தை காதில் தேனாக விழுந்தது. ஏனென்றால் அந்தக் கோடையில் எனக்கு உச்சி வேளையில் தலை சுற்ற ஆரம்பித்திருந்தது. நின்ற இடத்தில் நிற்கும்போதே கல் அடுக்கு மெல்ல நகர்ந்து போகும். நான் அதைப் பிடித்துக்கொண்டு, எதற்கோ சாய்ந்த மாதிரி நிற்பேன். வீட்டில் மூச்சு விடவில்லை. ஆனால் என் மனைவியின் கண்ணுக்கு எது தப்பும்?

"முதுகெல்லாம் செங்கல் தூளு. எங்க சாஞ்சீங்க?"

"சாயலியே. லாரியில உரசிடுச்சு."

"அந்த லாரி செங்கல்ல செஞ்சதா?"

மறுநாளிலிருந்து தண்ணீர்ப் பாட்டில் ஒன்று கூடுதலாக வந்தது.

மேப்பு ஒட்டுகிற வேலை சம்பந்திக்கு வந்தது. மூட்டை தூக்க வருமுன் அவர் கொத்தனார். உயரத்தில் நின்றால் கால் நடுங்குகிறது என்று அந்த வேலையை விட்டவர். ஆகவே அவர் கீழே நின்று உத்தரவு போட, ஏணியில் நின்று நான் ஒட்டுவது என்று ஏற்பாடு. சம்பந்தி வீட்டு ஏற்பாடு எதுவுமே இப்படித்தான் இருக்கும்.

கிடங்கின் நீளச் சுவர்தான் இடம். அந்தச் சுவருக்கும் மூட்டை அடுக்குக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நகரத்தான் சந்து. ஆகவே மூக்குக்கு நேரே இருக்கும் கலர் மட்டும் தெரியும். பின்னால் போய் நின்று முழுசாகப் பார்க்க வழியில்லை.

தாள் தாளாக வந்திருந்தது. ஒவ்வொன்றின் மூலையிலும் ஓர் எண். நான் எண்ணைப் படித்து, வரிசை தப்பாமல் மேல் வரிசையை ஒட்டி முடித்தேன். இரண்டாவது வரிசைக்கு முதல் தாளில் பசை தடவி வைக்கப் போனேன்.

"நில்லுங்க சம்பந்தி."

"என்ன?"

"மேல் ஒட்டுக்கு நேர் கீழ இந்த ஒட்டு வருது பாருங்க."

"வந்தா என்ன?"

"என்னவா? ஒட்டுக்கு நேர ஒட்டு வந்தா சுவரு நிக்குமா? மேலருந்து கீழ வரைக்கும் ஒரே கோடா வெடிச்சிடும். பாதித் தாளுல ஆரம்பிங்க."

"இது காகிதம், சம்பந்தி."

"காகிதம்னா இன்னும் மோசம். கல்லாவது தன் கனத்துக்கு நிக்கும்."

பெண்ணைக் கொடுத்த இடம். ஏணியில் நின்றுகொண்டு வாதாட முடியுமா? அவர் முதல் தாளைச் சாக்குக் கத்தியால் நடுவே அறுத்தார். ஒரு பாதியில் வரிசையைத் தொடங்கினோம், மறு பாதியை அந்த வரிசையின் கடைசியில் வைத்தோம். ஒரு வரிசை முழுத் தாள், அடுத்த வரிசை அரைத் தாள் தள்ளி. வீட்டுச் சுவருக்குக் கல் வைக்கிற மாதிரியே உலகத்தைக் கட்டி முடித்தோம். சும்மா சொல்லக் கூடாது, ஒட்டுகள் அத்தனை அழகாக விட்டு விட்டு வந்தன. நூல் பிடித்த மாதிரி இருந்தது.

ஓரிடத்தில் மட்டும் எனக்கு உறுத்தியது. கடல் நேராக இறங்கி வந்து, திடீரென்று படிக்கட்டு மாதிரி ஒரு பக்கம் வெட்டிக்கொண்டு போயிற்று. பக்கவாட்டில் நகர்ந்து வந்த பென்சிலிடம் காட்டினேன்.

"பழைய மேப்புல கரையெல்லாம் குத்துமதிப்பா வளைச்சு வளைச்சுப் போட்டிருப்பான். இது துல்லியம். துல்லியம்னா இப்படித்தான் வெட்டு வெட்டா இருக்கும்" என்றார்.

குழாயின் அடியில் இன்னொன்றும் இருந்தது. ஒரே நீளத் தாள். அதிலும் உலகம்தான், ஆனால் கலர் இல்லை. சில இடம் கருஞ்சாம்பல், சில இடம் வெளுப்பு, கடல் மட்டும் வெள்ளை.

"மை தீர்ந்து போயிருக்கும், கழிவு" என்றார் சம்பந்தி. பென்சில் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தாள் நல்ல தடிப்பு, துணி மாதிரி மடங்கியது. சம்பந்தி அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பிறகு எங்கள் இடத்தைக் கண்டுபிடிக்கிற வேலை. மேல் ஓரத்தில் எண்கள், பக்க ஓரத்தில் எண்கள். நம் இடத்துக்கு உரிய மேல் எண்ணிலிருந்து தூக்குக்குண்டு விட வேண்டும், பக்க எண்ணிலிருந்து நூல் இழுக்க வேண்டும், இரண்டும் சந்திக்கிற இடத்தில் நாம் இருக்கிறோம். குண்டு ஆடி ஆடி நின்றது. பென்சில் முகத்தைச் சுவரில் ஒட்ட வைத்துப் பார்த்தார். தூக்குக்குண்டின் நூலுக்கு இடது பக்கம் சிவப்பு. வலது பக்கம் பச்சை. நூல் சரியாக நடுவில்.

"அப்ப நாம எந்தக் கலர் சார்?"

பென்சில் வெளியே போய்ச் சுண்ணாம்புத் தூள் வாளியை எடுத்து வந்தார். லாரிப் பாதையின் நடுவே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு கோடு போட்டார்.

"இதுக்கு இடது பக்கம் வெப்பப் பகுதி. வலது பக்கம் மிதமான பகுதி."

இடது பக்கம் கூரை போட்ட கிடங்கு. வலது பக்கம் செங்கல் வெளி.

"சார், நிழல்ல இருக்கறவங்களுக்கு வெப்பம், வெயில்ல இருக்கறவங்களுக்கு மிதமா?" என்றேன்.

"நான் சொல்லலப்பா. உலகம் சொல்லுது."

மறுநாள் முதல், லாரி அழித்த கோட்டைப் பென்சில் காலைதோறும் திரும்பப் போடுவார்; உச்சி வேளை ஆனதும் கிடங்கு அடங்கிவிடும். சம்பந்தி அந்தச் சாம்பல் தாளை விரித்து, காலை நீட்டிப் படுப்பார். கிடங்கில் காற்று வருகிற இடம் வாசல்தான் என்பதால் கோட்டை ஒட்டித்தான் படுப்பார். நான் கல் பிடித்துக்கொண்டே அவர் குறட்டையைக் கேட்பேன். ஒரு நாள் அவர் உருண்டதில் கால் இரண்டும் கோட்டைத் தாண்டி வந்துவிட்டன.

"சம்பந்தி, உங்க காலு மிதமான பகுதிக்கு வந்துடுச்சு. கால மட்டுமாவது வேலைக்கு அனுப்புங்க."

அவர் கண்ணைத் திறக்காமல் காலை மடக்கிக்கொண்டார். "வெப்பம் தாங்கல சம்பந்தி. உங்க பக்கம் குளுகுளுன்னு இருக்கே, அதான் தன்னால வந்துடுச்சு."

கிடங்குக்குப் போகிற சரக்கைக் கோடு வரை நாங்கள் தள்ளி விட்டுவிட்டு நிற்போம். அந்தப் பக்கம் எழுந்து வாங்க ஆளிருக்காது. டீக்காரம்மாவின் வண்டியில் ஒரு சக்கரம் அங்கே, ஒரு சக்கரம் இங்கே. கிடங்குப் பக்கம் நின்று குடிக்கிறவர்கள் 'உஸ்' என்று விசிறிக்கொண்டே குடிப்பார்கள். எங்களை வெறுப்பேற்றத்தான்.

நான் பென்சிலிடம் போய், என்னைக் கிடங்குக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன். "எல்லாரும் வெப்பத்துக்கே போயிட்டா மிதத்தை யாருப்பா பார்க்கறது?" என்றார்.

வீட்டுக்கு மகள் வந்திருந்தாள். "அப்பா, மாமாகிட்ட எதுவும் சண்டை வளர்க்காதீங்க. வீட்டுல வந்து 'உங்கப்பா பச்சை, நாங்க சிவப்பு'ன்னு அத்தை என்னையே பிரிச்சு வைக்கிறாங்க. நேத்து என்னை ஒரு ஜன்னல் ஓரமாப் படுக்க விடல. நான் குளிர்ப் பிரதேசத்துலருந்து வந்தவளாம்."

"அவங்க கெடக்கறாங்க" என்றாள் என் மனைவி. பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்குத் தலை சுத்துதுன்னு முண்டாசு பொண்டாட்டி சொன்னா. ஊருக்கே தெரியுது, எனக்கு மட்டும் லாரி உரசுது."

மகள் முகம் சுண்டிப் போயிற்று. அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. உச்சி நேரத்து ஓய்வு கிடைக்காவிட்டால் என் மனைவி அந்த வேலையை விடச் சொல்லிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். இந்த வயதில் இன்னொரு யார்டில் யார் என்னைச் சேர்ப்பார்கள் என்பதும் தெரியும்.

ஏதோ அணைக்கட்டு வேலைக்கென்று கிடங்கிலிருந்த மூட்டை முழுதும் ஒரே வாரத்தில் போயிற்று. கிடங்கு காலியாகி, பேசினால் எதிரொலித்தது. அன்றைக்குப் பார்த்துத் தலைமை ஆபீசிலிருந்து மேப்புக்காரம்மா வந்தார். எல்லா யார்டிலும் சரியாக ஒட்டியிருக்கிறார்களா என்று பார்க்கிற வேலை அவருக்கு. கையில் பை, தலையில் தொப்பி. வாசலில் நுழைந்து, எதிர்ச் சுவரை முழுசாகப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

நாங்களும் அன்றுதான் முழுசாகப் பார்த்தோம். உலகம் அடுக்கடுக்காக நழுவிக் கிடந்தது. தலை ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். ஒரு கண்டம் கடலில் பாதி இறங்கியிருந்தது.

"இதை யாரு ஒட்டினது?"

பென்சில் சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி என்னைப் பார்த்தார். நான் ஏணியைப் பார்த்தேன்.

"ஏன் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை தள்ளிப் போயிருக்கு?"

"ஒட்டுக்கு நேர ஒட்டு வரக் கூடாதும்மா. வெடிச்சிடும்" என்றார் சம்பந்தி, சின்னக் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. "தட்டிப் பாருங்க. ஒரு ஓரம் கூட எழும்பல."

மேப்புக்காரம்மா உண்மையிலேயே கிட்டே போய்த் தட்டிப் பார்த்தார். "எழும்பலதான்" என்றார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். "மத்த யார்டுல எல்லாம் பாதி தாள் உரிஞ்சு தொங்குது. இங்கதான் நல்லா ஒட்டியிருக்கு. உலகம்தான் உடைஞ்சு போச்சு."

பென்சிலுக்கு வியர்த்தது. கோடு போட்ட கதையைச் சொன்னார். அந்தம்மா அளவு நாடாவால் அரைத் தாள் அளந்து, தூக்குக்குண்டின் நூலை நகர்த்தி வைத்தார்.

"உங்க இடம் இங்க வருது. இத்தனை நாளா நீங்க பார்த்தது வேற ஏதோ தேசம். அப்புறம் சார், இந்தச் சுவர்ல உங்க பென்சில் புள்ளி ஒண்ணு வெச்சா உங்க ஊரே அதுக்குள்ள போயிடும். நீங்க எப்படி யார்டு நடுவுல கோடு போட்டீங்க?"

"நூல் நடுவுல விழுந்துது மேடம்" என்றார் பென்சில்.

"அப்ப நாங்க படுத்திருந்தது..." என்று இழுத்தார் சம்பந்தி.

"வேற தேசத்து வெயிலுக்கு" என்றேன் நான். எவ்வளவு நாளாகக் காத்திருந்த வாய்!

சந்தோஷம் அங்கேயே முடிந்தது. நூல் நகர்ந்து நின்ற இடத்தைப் பார்த்தேன். இடது பக்கமும் பச்சை. வலது பக்கமும் பச்சை. கொஞ்சம் தள்ளித்தான் சிவப்பு.

"மொத்த யார்டும் மிதமான பகுதி" என்று பென்சில் தீர்ப்பு மாதிரி சொன்னார். கிடங்கு ஆட்கள் என்னைப் பார்த்த பார்வையில், நான்தான் உலகத்தைப் படைத்தவன் போலிருந்தது. சம்பந்தியின் முகம் விழுந்துவிட்டது. அவருக்கும் என் வயதுதான். அந்தத் தூக்கம் அவருக்கும் வேண்டியிருந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

மேப்புக்காரம்மா மட்டும் திருப்தியாகவில்லை. "எல்லை ஓரமா இருக்கு. கலரை மட்டும் வெச்சு முடிவு பண்ணக் கூடாது. அதுக்குத்தான் கூடவே இன்னொரு மேப்பு அனுப்பினோம். சாம்பல் கலர்ல. அது எங்க?"

எல்லோருடைய கண்ணும் வாசலுக்குப் போயிற்று. சம்பந்தியின் படுக்கை மடித்து வைத்திருந்தது.

"அது கழிவுன்னு நினைச்சேம்மா" என்று முணுமுணுத்தபடி எடுத்து வந்து விரித்தார். அவர் முதுகு அளவுக்கு நடுவே ஒரு மினுமினுப்பு. ஓரத்தில் எண்ணெய்த் தலை பட்ட வட்டம்.

"இது எதுக்குன்னா, முதல் மேப்புல போட்ட கலர் எந்த இடத்துல எவ்வளவு நிச்சயம்னு சொல்றது. கருப்பா இருந்தா நிச்சயமாத் தெரியும். வெளுப்பா இருந்தா எங்களுக்கே சந்தேகம்." குனிந்து விரலால் தேடினார். "உங்க இடம்... இது அச்சா, வேர்வையா?"

"வேர்வையா இருந்தா கருத்திருக்கும்மா" என்றார் சம்பந்தி, கொஞ்சம் வெட்கத்துடன்.

துடைத்துப் பார்த்தார்கள். வெள்ளை வெளேர் என்றில்லை, ஆனால் அந்தப் பக்கத்திலேயே அவ்வளவு வெளுத்த இடம் வேறில்லை.

"பச்சைதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. சிவப்பாவும் இருக்கலாம்" என்றார்.

பென்சில் தலைமை ஆபீசுக்குப் போன் போட்டார். ரொம்ப நேரம் 'சரி சார், சரி சார்' என்றார். வைத்துவிட்டு, ஏதோ துக்கச் செய்தி வந்தவர் மாதிரி உட்கார்ந்தார். "சந்தேகமான இடத்துல அந்தந்த மேலாளரே முடிவு பண்ணிக்கணுமாம்." அவர் வேலையில் சேர்ந்த நாளாக முடிவு என்று ஒன்றை எடுத்ததில்லை. "மேடம், நீங்களே ஒரு கலரைச் சொல்லிடுங்களேன்."

"நான் வருஷக் கணக்கா சேர்ந்த வெயிலையும் மழையையும் பார்க்கறவ சார். உங்க ஆளுங்க நிக்கற இடத்துல நீங்கதான் போய் நின்னு பார்க்கணும்."

அதற்குள் உச்சி வேளை ஆகியிருந்தது. செங்கல் லாரி ஒன்று வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. முடிவு வரும் வரை மிதம்தானே? நாங்கள் ஏற்றத் தொடங்கினோம். எங்கள் வேலை எப்படியென்றால், அடுக்கின் மேலிருந்து முண்டாசு கல்லை எறிவான், பார்க்கவே மாட்டான். கீழே நான் பிடித்து லாரியில் நிற்பவனுக்கு எறிய வேண்டும். எறி, பிடி, எறி, பிடி. கை பழகிவிட்டால் கண் வேண்டாம்.

பென்சில் குடையோடு வந்து என் பக்கத்தில் நின்றார். "எப்படிப்பா இருக்கு? சூடாவா, மிதமாவா? உள்ளதைச் சொல்லு."

சொல்ல வாயைத் திறந்தேன். கல் அடுக்கு மெல்ல நகர்ந்தது. பிறகு வேகமாக நகர்ந்தது. நான் பிடிக்கப் போன இடத்தில் அது இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

முண்டாசுக்கு அது தெரியுமா? அடுத்த கல் வந்துகொண்டிருந்தது. அது என் தலைக்கு வந்த கல். பென்சில் குடையைப் போட்டுவிட்டுப் பிடித்தார். பிடித்ததும் "அம்மா!" என்று அலறினார். காலையிலிருந்து வெயிலில் வெந்த கல். கையை உதறக்கூட நேரமில்லை, அடுத்தது வந்துவிட்டது. விட்டால் என் மேல் விழும். பிடித்தார். லாரிக்கு எறிந்தார். அடுத்தது.

"நிறுத்துய்யா! யோவ், நிறுத்து!"

முண்டாசுக்கு ஏது காது? அவன் பாட்டுக்கு எறிந்தான். பென்சில் பிடித்த ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு குரல் கொடுத்தார். காதிலிருந்த பென்சில் எங்கோ தெறித்தது. சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. சம்பந்திதான் கோட்டைத் தாண்டி ஓடி வந்தார். உயரம் என்றால் கால் நடுங்குகிற மனிதர், அடுக்கின் மேல் மடமடவென்று ஏறி முண்டாசின் துண்டைப் பிடுங்கினார். பிடுங்கிய பிறகு கீழே பார்த்துவிட்டு, அங்கேயே குந்திக்கொண்டு, "என்னை யாராவது இறக்குங்க" என்றார்.

என்னை நிழலுக்கு இழுத்துப் போட்டு முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். கண் திறந்தபோது பென்சில் எதிரே தரையில் உட்கார்ந்து, உள்ளங்கைகளைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிவைத்திருந்தார். மேப்புக்காரம்மா அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

"என்ன கலர் சார்?" என்றார் அந்தம்மா, மெதுவாக.

"சிவப்பு" என்றார் பென்சில். "ரெண்டு பக்கமும் சிவப்பு. அந்தக் கோட்டை அழிங்கப்பா."

கோட்டை அழிக்க யாரும் எழுந்திருக்கவில்லை. உச்சி வேளை, வேலை கிடையாது. சாயங்காலம் லாரிச் சக்கரமே அழித்துவிட்டது.

சுவரில் உலகம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. உரித்து மாற்றி ஒட்டலாம் என்று பார்த்தார்கள், ஒரு தாளும் வரவில்லை. சம்பந்திக்கு அதில் ரொம்பப் பெருமை.

மறுநாள் சாப்பாடு முடிந்ததும் நான் கிடங்கு வாசலுக்குப் போனேன். மேப்புக்காரம்மா அந்தச் சாம்பல் தாளைப் படம் பிடித்துக்கொண்டு, தாளை விட்டுவிட்டுப் போயிருந்தார். சம்பந்தி விரித்துப் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டார்.

"வாங்க சம்பந்தி. தலை சுத்துதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? ரொம்ப நாளா இருக்குன்னு நேத்து ராத்திரி மருமக வந்து அழுதப்பதான் எனக்கே தெரியும்."

"சொன்னா நீங்க எடத்த மாத்திக் குடுத்திருப்பீங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடுத்திருப்பேன்" என்றார். பொய் சொல்கிற மனிதர் இல்லை.

நான் ஓரமாகத் தலையைச் சாய்த்தேன். தாள் முதுகுக்கு இதமாகத்தான் இருந்தது.

"அங்க வேணாம், கொஞ்சம் இப்படி நகருங்க" என்றார் சம்பந்தி. "நீங்க படுத்திருக்கறது பாலைவனம். இது கடலு. ஜில்லுன்னு இருக்கும்."

நகர்ந்து படுத்தேன். இருந்தது என்றே வைத்துக்கொள்ளுங்களேன்.